“மத்தியானம் வரேன் டீச்சர்”

போன வியாழக்கிழமை சமையலறைக் குழாயின் திருகு கையோடு வந்துவிட்டது. தண்ணீர் பீய்ச்சி அடித்ததில் அடுப்பு மேடை, அஞ்சறைப் பெட்டி, நான் எல்லாம் நனைந்தாயிற்று. வால்வை மூடிவிட்டு, எப்போதும் வரும் பிளம்பர் தம்பிக்கு போன் போட்டேன். “மத்தியானம் வரேன் டீச்சர்” என்றான். சரி என்று வைத்துவிட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு உலை வைக்கும்போது அவனுக்கும் சேர்த்து ஒரு ஆழாக்கு அரிசி கூடப் போட்டேன். வேலைக்கு வருகிறவர் சாப்பாட்டு நேரத்தில் வந்தால் சாப்பிடாமல் அனுப்பக் கூடாது என்பது என் மாமியார் போட்ட சட்டம். அவர் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது, சட்டம் மட்டும் இருக்கிறது. ஒரு மணி ஆனது. ஒன்றரை ஆனது. வருகிறவன் முன்னால் நான் மட்டும் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தால் நன்றாக இருக்காதே என்று நானும் சாப்பிடவில்லை. இரண்டேகாலுக்கு பொறுக்க முடியாமல் ஒரு வாழைப்பழம். மூன்றே முக்காலுக்குப் பை நிறைய ஸ்பானரோடு வந்து நின்றான்.

“என்னப்பா, மத்தியானம் வரேன்னு சொன்னியே?”

“மத்தியானம்தானே டீச்சர் இது?”

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் கள்ளம் இல்லை. நான் எதற்குக் கோபப்படுகிறேன் என்று அவனுக்கு உண்மையிலேயே புரியவில்லை. வரும் வழியில் பண்ணைக்காட்டுக்காரர் கடையில் பரோட்டா சாப்பிட்டுவிட்டானாம். கூடப் போட்ட ஒரு ஆழாக்கு மறுநாள் எனக்குப் பழைய சோறு.

அன்றிலிருந்து இந்த ஒரு சொல் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. காரணம் உண்டு. இருபத்தாறு வருஷம் கொடைக்கானலுக்கு மேலே ஒரு கிராமத்துப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள் நான். ஊரில் ‘நூன்மீல் டீச்சர்’ என்பார்கள். பாடம் எதுவும் நடத்தியதில்லை, ஆனாலும் டீச்சர்தான். மத்தியானத்தை உண்டாக்குவதுதான் எனக்குச் சம்பளம் கொடுத்த வேலை. என்னிடமே வந்து மத்தியானம் என்றால் மூன்றே முக்கால் என்கிறான்!

சொல்லைப் பிரித்தால் அவன் பக்கம் ஒன்றும் நிற்காது. வடமொழி மத்யாஹ்னம்தான் நம் வாயில் மத்தியானம் ஆனது. மத்திய என்றால் நடு, அஹ்நம் என்றால் பகல். தமிழில் நண்பகல் என்பதும் அதேதான். நள் என்றால் நடு. நள்ளிரவில் இருக்கும் அதே நள். ஆக இரண்டு சொல்லும் சொல்வது ஒரு புள்ளியை. சூரியன் உச்சியைத் தொட்டு இறங்கும் அந்த ஒரு நிமிஷம்.

ஆனால் யார் நிமிஷத்தைப் பேசுகிறார்கள்? நமக்குப் பேச்சில் நாளைக்கு நாலு அறைதான். காலை, மத்தியானம், சாயங்காலம், ராத்திரி. காலையும் இல்லை, இன்னும் டீக்கடையில் வடை போடவும் இல்லை என்றால் அது மத்தியானம். பிற்பகல் என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது. வானொலிச் செய்தியிலும் அழைப்பிதழிலும் அரசாங்கச் சுற்றறிக்கையிலும் இருக்கிறது. “பிற்பகல் வரேன் டீச்சர்” என்று ஒரு பிளம்பர் சொன்னால் நான் அவனுக்கு உடம்பு சரியில்லை என்று நினைப்பேன். அப்படிப் பார்த்தால் அவன் சொன்னது சரி. நாலு மணி வரைக்கும் அவனுக்கு அந்த அறை திறந்தே இருக்கிறது.

மதியம் என்கிற சொல் இன்னும் வேடிக்கை. எங்கள் பதிவேட்டில் எல்லாம் ‘மதிய உணவு’தான். பழைய பாட்டுகளில் மதியம் என்றால் நிலா. மத்தியம் தேய்ந்து மதியம் ஆனபோது, நிலாவும் உச்சி வெயிலும் ஒரே பெயரில் வந்து நின்றுவிட்டன. இருந்தும் இத்தனை வருஷத்தில் யாரும் குழம்பியதாகத் தெரியவில்லை. சாப்பாடு கூடவே இருப்பதால் குழப்பம் வரவில்லையோ என்னவோ.

என் அம்மாவின் ஊர் வத்தலக்குண்டுப் பக்கம். அங்கே பாட்டி சொல்வது ‘உருமம்’. “உச்சி உருமத்துல எங்கடி போற? கருவேல மரத்தடியில முனி நிக்கும்.” அந்த ஊரில் அதற்கு அர்த்தம் உண்டு. பன்னிரண்டு மணிக்குத் தெருவில் நாய்கூட இருக்காது, நிழல் காலுக்கடியில் சுருண்டு கிடக்கும். சொல்லே சுடும். கல்யாணமாகி மேலே வந்த பிறகு ஒருநாள் பழக்கத்தில் “உருமத்துல எங்க கெளம்பிட்டீங்க?” என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் ஸ்வெட்டருக்கு மேல் மப்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தார். வாசலில் மேகம் இறங்கி எதிர் வீட்டுக் கூரை தெரியவில்லை. “எது உருமம்?” என்றார். அதோடு அந்தச் சொல்லை விட்டுவிட்டேன்.

பழைய இலக்கணக்காரர்கள் இதைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். பாலைக்கு நண்பகலைக் கொடுத்தார்கள், மலைக்கு, அதாவது குறிஞ்சிக்கு, யாமத்தைக் கொடுத்தார்கள். எங்களுக்கு நண்பகல் ஒதுக்கீடே இல்லை! வருஷத்தில் பாதி நாள் பதினொன்றரைக்குப் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி வந்து, நடுப்பகலைத் துடைத்துவிட்டுப் போகிறது. எட்டு மணிக்கு நல்ல வெயில் இருக்கும், பன்னிரண்டுக்கு விளக்குப் போட வேண்டும்.

என் வீட்டுக்காரரின் சித்தப்பா அப்சர்வேட்டரியில் வேலை பார்த்தவர். 1899இல் தொடங்கிய சூரிய ஆய்வுக்கூடம். சூரியக் கரும்புள்ளியில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதை எவர்ஷெட் என்ற விஞ்ஞானி 1909இல் கண்டுபிடித்தது இங்கேதான். நூறு வருஷத்துக்கு மேலாகச் சூரியனைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். “அதெல்லாம் காலையிலயே முடிஞ்சிரும்மா. மத்தியானம் யாரு பாக்குறா சூரியன? மேகத்தத்தான் பாக்கணும்” என்பார் சித்தப்பா.

பன்னிரண்டு மணி என்பது நடுப்பகலே இல்லை என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். இந்தியா முழுவதற்கும் வைத்திருக்கும் மணி 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்க ரேகையின் மணி. அந்தக் கோடு நமக்கு ரொம்பக் கிழக்கே, உத்தரப் பிரதேசத்து மிர்சாபூர் பக்கமாகப் போகிறது. கொடைக்கானல் இருப்பது ஏறக்குறைய 77.5 டிகிரியில். ஒரு டிகிரிக்கு நாலு நிமிஷம் என்றால் ஐந்து டிகிரிக்கு இருபது. ஆக, கடிகாரம் பன்னிரண்டு அடித்து இருபது நிமிஷம் கழித்துத்தான் நமக்கு உச்சி. அதுவும் நிலையாக இல்லை. பூமி சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டம் இல்லை, அச்சும் சாய்ந்திருக்கிறது. அதனால் இப்போது ஐப்பசியில் 12.04 வாக்கிலேயே உச்சி வந்துவிடும். தை கடைசி, மாசித் தொடக்கத்தில் 12.34 ஆகும். சித்திரை பிறந்து இரண்டு மூன்று நாளில் ஒருமுறை, ஆவணியில் ஒருமுறை, சூரியன் நேர் தலைக்கு மேல் வந்து நட்டு வைத்த கம்புக்கு நிழலே விழாது. சித்திரையில் அதைப் பார்க்க நாங்கள் கம்பு நட்டு உட்கார்ந்தோம். 12.20க்கு மேகம் வந்தது. சித்தப்பா சிரித்துக்கொண்டே உள்ளே போய் இலை போடச் சொன்னார்.

ஆகவே இந்த மலையில் சூரியனை வைத்து மத்தியானம் சொல்ல வழியில்லை. வேறு எதை வைத்து என்றால், சோறுதான். இதை எனக்குக் காட்டியது ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன்.

நான் சேர்ந்த புதிது. எழுபது பிள்ளைகள். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பிள்ளைக்கு நூறு கிராம் அரிசி, ஏழு கிலோ உலையில் விழும். அப்பா அம்மா விடிந்ததும் பூண்டுக் காட்டுக்கும் உருளைக்கிழங்குத் தோட்டத்துக்கும் போய்விடுவார்கள். காலையில் ஒரு வரக்காப்பியோடு வந்த பிள்ளைகள்தான் அதிகம். இந்தப் பையன் பத்தேகாலுக்கே ஒன்றுக்குப் போகிறேன் என்று வெளியே வந்து சமையல் கொட்டகை வாசலில் நிற்பான். “மத்தியானம் ஆயிருச்சா டீச்சர்?” என்பான். ஆகாயத்தைப் பார்க்க மாட்டான், கடிகாரம் பார்க்கத் தெரியாது. அண்டாவின் மூடியைப் பார்ப்பான். மூடி ஆடினால் ஆகப்போகிறது. இறக்கி வைத்திருந்தால் ஆகிவிட்டது.

அண்டா மூடி ஆடினாலும் வேலை முடியாது என்பது அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? கொடைக்கானல் ஏழாயிரம் அடி. இந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பார்க்கத்தான் தளதளவென்று இருக்கும், சூடு போதாது. சோறு எப்படியோ ஆகிவிடும். பருப்புதான் பழி வாங்கும். கீழே வத்தலக்குண்டில் முக்கால் மணியில் குழைகிற துவரம்பருப்பு இங்கே திறந்த பாத்திரத்தில் ஒன்றரை மணி ஆனாலும் நடுவில் கொஞ்சம் வேகாமல் வைத்திருக்கும். செவ்வாய்க்கிழமை கொண்டைக்கடலை. அதை நினைத்து திங்கட்கிழமை ராத்திரியே எனக்குத் தூக்கம் வராது. மதியம் ஊற வைத்தது மறுநாள் காலையில் ஏழு மணிக்கே அடுப்பில் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை உருளைக்கிழங்கு. ஊர் முழுக்க உருளைக்கிழங்கு விளைகிற இடத்தில் அரசாங்கம் உருளைக்கிழங்கு அவித்துக் கொடுத்தால் பிள்ளைகள் என்ன பார்வை பார்க்கும் என்பதை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

அது விறகடுப்புக் காலம். ஒரு ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. கொட்டகை ஒழுகி விறகு ஊறிப் போயிற்று. ஆயாவும் நானும் ஊதி ஊதிக் கண் சிவந்ததுதான் மிச்சம். பன்னிரண்டரைக்கு மணி அடித்துவிட்டார்கள். மணி என்றால் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. பிள்ளைகள் அதைச் ‘சோத்து மணி’ என்பார்கள். மணி அடித்தாயிற்று, தட்டோடு வரிசையாக உட்கார்ந்தாயிற்று, சோறு இல்லை. தலைமை ஆசிரியர் மறுபடி வகுப்புக்கு அனுப்பினார். இரண்டு மணிக்குத்தான் போட முடிந்தது. மறுநாள் அந்தப் பையனின் அம்மா கடையில் என்னைப் பார்த்துச் சிரித்தார். “நேத்து மத்தியானம் லேட்டா வந்துச்சாம்ல டீச்சர்? எம் பையன் சொன்னான்.”

அதற்குப் பிறகு பெரிய குக்கர் வந்தது, கேஸ் வந்தது. கலவை சாதம் வந்தது. 2010இலிருந்து வாரத்துக்கு ஐந்து முட்டை ஆனது. முட்டையும் இங்கே கொஞ்சம் கூட நேரம் கேட்கும். நூற்றுக்கணக்கில் உரித்தவர்களுக்குத் தெரியும், அவசரப்பட்டு இறக்கினால் ஓட்டோடு பாதி வெள்ளையும் போய்விடும்.

வேலைக்குப் போகிறவர்களிடம் இந்தச் சொல் இன்னும் கறாராக இருக்கும். கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம் காப்பிப் பழம் எடுக்கப் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். மத்தியானம் வரை நின்றால் அரைச் சம்பளம். “சோத்துக்கு விட்டாச்சா?” என்பதுதான் கேள்வி. மணி என்ன என்று யாரும் கேட்பதில்லை. தூக்குவாளியைத் திறந்து, குழம்பைச் சோற்றுக்குள் கவிழ்த்து, காப்பிச் செடிக்கு நிழல் கொடுக்கிற முள்முருங்கை அடியில் உட்கார்ந்தால் மத்தியானம் தொடங்கியது. கை கழுவி வெற்றிலை போட்டால் முடிந்தது. முக்கால் மணியோ ஒரு மணியோ. அந்த அளவில் பார்த்தால் என் பிளம்பருடைய மத்தியானம் ஒரு ஜமீன்தார் மத்தியானம்.

சாப்பாடு என்ற சொல்லையும் கொஞ்சம் கவனியுங்கள். ஏரிக்கரை ஹோட்டலில் பதினொரு மணிக்கு நுழைந்து “சாப்பாடு இருக்கா?” என்று கேட்டால், “டிபன்தான் இருக்கு, சாப்பாடு பன்னெண்டரைக்கு” என்பார்கள். இட்லி நாலு தின்று வயிறு நிறைந்தாலும் அது சாப்பாடு இல்லை. சோறும் குழம்பும் ரசமும் மோரும் வந்து, அதுவும் மத்தியானத்தில் வந்தால்தான் அந்தப் பெயர். டிபன் என்பதே வெள்ளைக்காரர்கள் இங்கே மத்தியானத்தில் சாப்பிட்ட சின்னச் சாப்பாட்டின் பெயர். அவர்கள் போனதும் நாம் அதைக் காலைக்கும் சாயங்காலத்துக்கும் தள்ளிவிட்டு, மத்தியானத்தை நம் சோற்றுக்கே திரும்ப எடுத்துக்கொண்டோம். டிபன் பாக்ஸ் மட்டும் பழைய வேலையிலேயே இருக்கிறது. அதற்குள் இருப்பது தயிர்ச்சாதம்தான்.

எங்கள் பள்ளியிலும் அப்படித்தான். வெறும் சாப்பாடு என்றால் மத்தியானச் சாப்பாடு, வேறு ஒன்று கிடையாது. 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த பிறகு, இப்போது அங்கே இருக்கும் ஆயா போனில் சொல்கிறார்: “காலச் சாப்பாடு உப்புமா டீச்சர், மத்தியானச் சாப்பாடு புளிச்சாதம்.” நான் இருந்தபோது அந்த முன்னொட்டு தேவைப்படவே இல்லை. பத்தேகாலுக்குக் கொட்டகை வாசலில் இப்போது யாரும் வந்து நிற்பதில்லையாம்.

இந்தக் கதையையெல்லாம் செண்பகனூர்ப் பக்கம் இருக்கும் வயதான ஃபாதர் ஒருவரிடம் சொல்லிப் புலம்பினேன். அவர் பிளம்பர் கட்சி. “நீங்க நூன்மீல் டீச்சர்தானே? நூன் என்றால் என்ன தெரியுமா?” என்று கேட்டார். லத்தீனில் ஒன்பதாம் மணி என்பதிலிருந்து வந்ததாம். சூரியன் உதிப்பதிலிருந்து ஒன்பது மணி நேரம் எண்ணினால் பிற்பகல் மூன்று. அந்த வேளை ஜெபம் முடிந்துதான் துறவிகள் நோன்பு நாளில் சாப்பிடலாம். பிறகு அந்தச் சொல் நூற்றாண்டு நூற்றாண்டாக முன்னால் நகர்ந்து பன்னிரண்டுக்கு வந்துவிட்டது. “பசி இழுத்திருக்கும்” என்றார் ஃபாதர். அவர்கள் மூன்றைப் பன்னிரண்டுக்கு இழுத்துக்கொண்டார்கள், நாம் பன்னிரண்டை மூன்றே முக்காலுக்குத் தள்ளிவிட்டோம். எதிர் வீட்டில் சாப்பாடு மணக்கும்போது எந்தப் பக்கம் சரி என்று எனக்குத் தெரியும். ஆனால் என் உத்தியோகத்தின் பெயரிலேயே அவனுக்குச் சாதகமான சாட்சி இருந்தது கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது.

சமையலறைக் குழாயை மாற்றிவிட்டான், அதில் குறை சொல்ல முடியாது. குளியலறைக் குழாயும் சொட்டுகிறது என்று காட்டினேன். அதற்கு வேறு சாமான் வேண்டுமாம், கீழேயிருந்து வர வேண்டுமாம். “திங்கக்கிழம மத்தியானம் வரேன் டீச்சர்.” இந்த முறை நான் விவரமாகக் கேட்டேன். “சோத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?” கொஞ்சம் யோசித்தான். “உங்க சோத்துக்கா, என் சோத்துக்கா?”

இன்று திங்கட்கிழமை. மணி ஒன்று பத்து. ஒரு ஆழாக்கு கூடப் போட்டிருக்கிறேன், ஆனால் நான் சாப்பிட்டு முடித்துவிட்டேன். பருப்பு இன்றைக்கும் ஒரு விசில் கூடக் கேட்டது. இதைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே அவன் போன். பெருமாள்மலையில் மேகம் இறங்கி வண்டி ஊர்கிறதாம். “சாப்டாச்சா டீச்சர்?” என்று கேட்டான். ஆச்சு என்றேன். “அப்ப சரி, மெதுவா வரேன்” என்று வைத்துவிட்டான்.